பிரெஞ்சில் இலங்கைக்குப் போவது எப்படி?

1972 மே 22ஆம் தேதி சிலோன் குடியரசானது; பெயரும் ஸ்ரீலங்கா என்று மாறியது. தமிழருக்கு இதனால் இலக்கணத் தொந்தரவு எதுவும் வரவில்லை. முன்பும் இலங்கையில், பின்பும் இலங்கையில். பிரெஞ்சுக்காரருக்கு அப்படியில்லை. அதுவரை 'அ செலான்' என்று எழுதிவந்தவர் இனி 'ஓ ஸ்ரீலங்கா' என்று எழுத வேண்டியதாயிற்று. பெயரோடு சேர்ந்து, அதற்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லும் மாறிவிட்டது. தீவு என்னவோ அதே தீவுதான்.

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் தமிழர் முதலில் தடுக்கி விழும் இடங்களில் இந்த முன்னிடைச்சொற்களும் ஒன்று. நாம் இருப்பதற்கு 'இல்' போடுவோம், போவதற்கு 'கு' போடுவோம்: பாரிஸில் இருக்கிறேன், பாரிஸுக்குப் போகிறேன். இருப்பையும் போக்கையும் தமிழ் தவறாமல் பிரிக்கும். போகிற இடம் நகரமா, நாடா, தீவா என்று விசாரிக்காது. பிரெஞ்சு இதற்கு நேர் எதிர். இருந்தாலும் போனாலும் அதற்கு ஒரே சொல்தான். ஆனால் இடம் எந்த வகை என்று கேட்காமல் விடாது.

பாடப்புத்தகம் சொல்லும் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்துக்கு 'அ': 'அ பாரி', 'அ மத்ராஸ்'. பெண்பால் நாட்டுக்கு 'ஆன்': 'ஆன் பிரான்ஸ்', 'ஆன் ஏந்த்' (இந்தியாவில்). ஆண்பால் நாட்டுக்கு 'ஓ': 'ஓ ழப்போன்' (ஜப்பானில்), 'ஓ கனதா'. பன்மைப் பெயருக்கும் 'ஓ'தான். எழுத்தில் மட்டும் கடைசியில் ஓர் 'எக்ஸ்' கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகள், நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ், மாலத்தீவு எல்லாம் இந்த வரிசை. ஆண்பாலாகவே இருந்தாலும் உயிரொலியில் தொடங்கினால் மறுபடி 'ஆன்': இரான், இராக், ஆப்கானிஸ்தான். 'e' எழுத்தில் முடியும் நாடு பொதுவாகப் பெண்பால். மெக்சிகோ, கம்போடியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே ஆகியவற்றின் பிரெஞ்சுப் பெயர்கள் விலக்கு.

இதனால் பயனும் உண்டு. 'அ கெபெக்' என்றால் கியூபெக் நகரத்தில். 'ஓ கெபெக்' என்றால் கியூபெக் மாநிலத்தில். 'அ லுக்சம்பூர்' நகரம், 'ஓ லுக்சம்பூர்' நாடு. பாரிஸில் குடியிருப்பவர் 'ஓ லுக்சம்பூர்' போய் வருகிறேன் என்றால் மட்டும் எல்லை தாண்ட வேண்டியதில்லை. அங்கே அந்தப் பெயரில் பெரிய பூங்காவும் செனட் சபையின் மாளிகையும் இருக்கின்றன.

தேர்வு எழுத இவ்வளவு போதும். ஆனால் ஒரு நாட்டின் பாலுக்கும் அதன் முன்னிடைச்சொல்லுக்கும் இயல்பான உறவு எதுவும் கிடையாது. இரண்டையும் கட்டிப்போட்டது இடைக்காலத்தில் நடந்த ஓர் ஒலி விபத்து. அதற்கு மேல், அந்தப் பெயரைப் பிரெஞ்சு எப்போது, யாரிடமிருந்து வாங்கியது என்ற வரலாறும் சேர்ந்துகொண்டது. விதி புதிராகத் தோன்றும் இடங்களிலெல்லாம் இந்த இரண்டில் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் ஒலி. லத்தீன் 'இன்' என்பதன் வாரிசுதான் 'ஆன்'. பழைய பிரெஞ்சில் எந்த நாட்டுக்கும் அதையே போட முடிந்தது. சிக்கல், அதன் பின்னால் வரும் ஆர்ட்டிகிளால் (ஆங்கிலத்தின் 'தி' போன்ற சிறு சொல்லால்) வந்தது. பெண்பாலுக்குரிய 'லா' வந்தால் இரண்டும் தனித்தனியாகவே நின்றன. உயிரொலிக்கு முன் தேய்ந்துபோன வெறும் 'ல்' வந்தாலும் அப்படியே. ஆனால் ஆண்பால் 'ல' வந்தபோது 'ஆன்' அதோடு ஒட்டி 'எல்' ஆயிற்று; பிறகு அந்த 'ல்' உயிரொலியாகக் கரைந்து 'ஊ' ஆயிற்று. பன்மை 'லே' வந்தபோது இரண்டும் சேர்ந்து 'எஸ்' ஆயிற்று. புணர்ச்சி விதிகளில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வினை பின்னால் வந்தது. 'அ' என்ற இன்னொரு முன்னிடைச்சொல் இதே 'ல'வோடு சேர்ந்து 'ஓ' ஆகியிருந்தது. 'ஊ', 'ஓ' இரண்டும் காதுக்கும் கைக்கும் நெருக்கமானவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஒன்று மற்றதோடு கலந்தது. 'ஊ' மறைந்தது, 'ஓ' நின்றது. பன்மைக்குரிய 'எஸ்' வழக்கொழிந்து, அதன் இடத்தையும் பன்மை 'ஓ' பிடித்தது. ஆக, இன்று 'ஓ ழப்போன்' என்பதில் இருக்கும் 'ஓ' இரண்டு தாய்களுக்குப் பிறந்த பிள்ளை. அதில் பாதி பழைய 'ஆன்'. பெண்பால் நாடுகளிலோ 'ஆன்' பத்திரமாக இருந்தது. 'லா'தான் நாளடைவில் உதிர்ந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் இரானின் மர்மம் விலகும். ஆண்பால் என்று சொல்லிவிட்டு, பேருந்தில் பெண்கள் இருக்கையில் உட்காரவைத்தது போல அதற்கு 'ஆன்' கொடுத்திருப்பது ஏன்? 'ல' தேய்ந்து 'ல்' ஆகிவிட்டதால் அங்கே ஒட்டலே நிகழவில்லை. ஒட்டாத இடத்தில் 'ஆன்' பிழைத்தது. பாலுக்கு இதில் பங்கே இல்லை.

இறந்துபோன 'எஸ்' இன்னும் சில இடங்களில் தட்டுப்படுகிறது. பிரெஞ்சுப் பல்கலைக்கழகப் பட்டத்தில் 'தொக்தெர் எஸ் லெத்ர்' என்று வருவது அதுதான். 'இலக்கியங்களில் முனைவர்' என்று பொருள். கந்தால் மாவட்டத்தில் ரியோம்-எஸ்-மோந்தாஞ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது: மலைகளுக்குள் இருக்கும் ரியோம். பன்மையோடு மட்டுமே வர வேண்டிய இந்த 'எஸ்' பொருள் மறந்துபோனதால், ஒருமைப் பெயருக்கு முன்னாலும் பெருமைக்காக அதை ஒட்டிவைப்பவர்கள் உண்டு.

விபத்தின் விளைவு உடனே சட்டமாகிவிடவில்லை. போர்ச்சுகல், டென்மார்க் இரண்டும் மெய்யொலியில் தொடங்கும் ஆண்பால் பெயர்கள். இன்றைய கணக்குப்படி 'ஓ' வர வேண்டும். ஆனால் 'ஆன் போர்த்யுகல்', 'ஆன் தான்மார்க்' என்று நல்ல எழுத்தாளர்கள் நெடுங்காலம் எழுதினார்கள். பழைய மாகாணங்களின் பெயர்கள் இன்றுவரை அடங்கவில்லை. பெரிகோர், லிமூசேன், புவாத்து, பெயார்ன் எல்லாம் ஆண்பால்தான். இருந்தும் 'ஆன் பெரிகோர்' என்றால் யாரும் திருத்தமாட்டார்கள். அரசர்களும் பிரபுக்களும் ஆண்ட காலத்தில் அந்தப் பெயர்கள் நாடுகளாகவே வழங்கின; 'ஆன்' அந்தக் காலத்துச் சொத்து.

இனி தூரத்து நாடுகள். 17, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பயண நூல்களில் இன்றைய மாணவர் எழுதினால் மதிப்பெண் குறையும் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி போன்ற பக்கத்து நாடுகளுக்கு 'ஆன்' போடும் அதே கை, சீனாவுக்கும் லூசியானாவுக்கும் மார்த்தினிக் தீவுக்கும் 'அ லா' போடும். பியேர் சொன்னெரா 1782இல் பாரிஸில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இதைப் பார்க்கலாம். புதுச்சேரியில் தங்கியிருந்து, தமிழ்நாட்டுத் தொழில்களையும் தெய்வ உருவங்களையும் படமாக வரைந்து சேர்த்த இயற்கையியலாளர் அவர். 'வொயாழ் ஓஸ் ஏந்த் ஒரியாந்தால் எ அ லா ஷீன்': கீழை இந்தியாக்களுக்கும் சீனாவுக்கும் பயணம். இன்று எழுதினால் 'ஆன் ஷீன்' என்றே எழுதியிருப்பார்.

பக்கத்து நாட்டின் பெயர் அன்றாடம் வாயில் புழங்கியது. அதனால் ஆர்ட்டிகிள் தேய்ந்து விழுந்தது. கப்பலில் பல மாதம் போனால்தான் தெரியும் இடம் காதுக்குப் புதிது. பெயர் தன் ஆர்ட்டிகிளை விடாமல் வைத்திருந்தது. பழகப் பழகச் சீனாவும் 'ஆன்' பெற்றது. தொலைவு குறைந்ததற்கு இலக்கணம் வைத்த அடையாளம் என்று இதைப் படிக்கலாம்.

சொன்னெராவின் தலைப்பில் இந்தியா பன்மையில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 1664இல் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் 'இந்தியாக்களின்' கம்பெனிதான். ஆசியாவின் தென்பாதி முழுவதையும் ஒரு பன்மைப் பெயரில் அள்ளிப்போட்ட காலம் அது. 'ஓஸ் ஏந்த்' இன்று யாராவது சொன்னால் பட்டுத்துணியும் மிளகும் கம்பெனிக் கணக்குப் பிள்ளையும் நினைவுக்கு வரும். நாடு என்றால் ஒருமை, 'ஆன் ஏந்த்'.

பன்மைக்கும் இந்த ஒருமைக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் இருந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு அது பழக்கமானது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தையும் சேர்த்துச் சொன்ன அரசுப் பெயர் சில ஆவணங்களில் 'இந்தியாவின் பிரெஞ்சு நிலையங்கள்' என்றும், வேறு சிலவற்றில் 'இந்தியாவுக்குள் பிரெஞ்சு நிலையங்கள்' என்றும் வரும். இரண்டாவதில் இருப்பது 'தான்'. நம் தேற்றச் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சில் அதற்கு 'உள்ளே' என்று பொருள். நாலாபுறமும் ஆங்கிலேயர் ஆண்ட நிலம், நடுவில் துண்டு துண்டாகத் தங்கள் ஊர்கள் என்ற நிலையை 'தான் லேந்த்' அப்படியே படம்பிடிக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆசைதான், ஆனால் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்: 19ஆம் நூற்றாண்டில் அரசியல் ஏதும் இல்லாத பயணிகளும் 'தான் லேந்த்' என்று சர்வசாதாரணமாக எழுதினார்கள். 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் இந்தச் சிக்கலுக்கே போகவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டது. நகரப் பெயர்களுக்குப் பாலும் இல்லை, தகராறும் இல்லை.

தீவுகளுக்கு வந்தால், பெரிய தீவுக்கு 'ஆன்', சின்னத் தீவுக்கு 'அ' என்று பல வகுப்பறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோர்சிகா, சார்டினியா, சிசிலி, ஐஸ்லாந்துக்கு 'ஆன்'. மால்ட்டா, மயோத் போன்றவற்றுக்கு 'அ'. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மடகாஸ்கர் ஒன்றே இதைக் கவிழ்த்துவிடும். ஐரோப்பாவில் இருக்கும் பிரான்ஸைவிடப் பெரிய நிலம் அது. அதற்குப் போகிறவர் 'அ மதகாஸ்கார்' போகிறார். கோர்சிகாவின் பரப்பு 9,000 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கு 'ஆன்'. அளவுகோல் ஆர்ட்டிகிள்தான். 'லா கோர்ஸ்' என்று ஆர்ட்டிகிளோடு வழங்கும் பெயர் நிலப்பரப்பாக நடத்தப்படும். மடகாஸ்கர், கியூபா, சைப்ரஸ், மால்ட்டா, சிங்கப்பூர், தைவான் ஆர்ட்டிகிள் இல்லாத பெயர்கள். ஆளின் பெயர் போல, ஊரின் பெயர் போல நிற்கும். ஆகவே ஊருக்குரிய 'அ'. பழைய செலான் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. இஸ்ரேலுக்கு மட்டும் ஆர்ட்டிகிளும் இல்லை, 'அ'வும் இல்லை, 'ஆன் இஸ்ராயேல்'.

இந்தியப் பெருங்கடலில் ஒரே பெயர் இரண்டு முன்னிடைச்சொல் எடுத்த கதை ஒன்று உண்டு. மொரிஷியஸ் தீவை 1715இல் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ஈல் த பிரான்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், பிரான்ஸ் தீவு. பெர்னார்தேன் த சேன் பியேர் அங்கே போய்வந்து 1773இல் எழுதிய நூலின் தலைப்பில் 'அ லீல் த பிரான்ஸ்' என்று இருக்கிறது. 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்ததோடு அந்தப் பெயர் போயிற்று. ஆனால் பாரிஸைச் சுற்றியுள்ள பழைய மாகாணத்துக்கும் அதே பெயர்தான். கடலே இல்லாத அந்த 'தீவு' இன்று நிர்வாகப் பகுதியாக இருக்கிறது. அங்கே வசிப்பவர் 'ஆன் ஈல் த பிரான்ஸ்' வசிக்கிறார். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஒன்று கப்பல் தொடும் புள்ளி, மற்றது நிலம்.

மார்த்தினிக்கும் குவாதலூப்பும் இன்னும் சுவாரசியமானவை. பல நூற்றாண்டுகள் 'அ லா மார்த்தினிக்' என்பதே வழக்கு. தூரத்து நாட்டுக் கணக்கு. 1946 மார்ச்சில் இந்த இரு தீவுகளும் பிரெஞ்சு கயானாவும் ரீயூனியனும் குடியேற்றங்கள் என்ற நிலை நீங்கிப் பிரான்ஸின் மாவட்டங்களாயின; அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் முன்னின்றவர் கவிஞர் ஏமே செசேர். 20ஆம் நூற்றாண்டில் 'ஆன் மார்த்தினிக்' ஏறுமுகமாகி இன்று பொதுவழக்காகிவிட்டது. 'அ லா மார்த்தினிக்' தவறில்லை, ஆனால் பலர் காதில் ரம் புட்டி ஒட்டுச்சீட்டின் வாசனையோடு விழுகிறது. சட்டம் மாறியதால் முன்னிடைச்சொல்லும் மாறியது என்று முடிச்சுப்போட வசதியான இடம் இது.

போடவிடாமல் தடுக்கிறது ரீயூனியன். அதே நாளில், அதே சட்டத்தில் மாவட்டமான தீவு. அதுவும் பெண்பால், ஆர்ட்டிகிளும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்த 'மலபார்கள்' வாழும் அந்தத் தீவில் இன்றும் எல்லாரும் 'அ லா ரெயூனியோன்' என்றுதான் சொல்கிறார்கள். 'ஆன் ரெயூனியோன்' என்றால் பிரெஞ்சில் 'மீட்டிங்கில் இருக்கிறார்' என்று பொருள். அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர் தினம் பத்து முறை சொல்லும் வாக்கியம் அது. இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே குடியிருக்கும் சொற்றொடர் ஒன்று புதியவரை உள்ளே விடாமல் கதவடைப்பதை எந்த மொழியிலும் காணலாம்.

ஹைத்தியில் வேறு மாதிரி. சேன் தொமேங்க் என்ற பிரெஞ்சுக் குடியேற்றம் 1804இல் விடுதலை பெற்று, தீவின் பூர்வகுடிப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்நாட்டவர் 'ஆன் ஆயித்தி' என்றே சொல்கிறார்கள். பிரான்ஸில் 'அ ஆயித்தி' நெடுநாள் புழங்கி இன்றும் காதில் விழுகிறது. தங்கள் நிலத்தை நாடாகச் சொல்பவருக்கும் அதைத் தீவாகவே பார்த்துப் பழகியவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே ஒரே ஓர் அசையில் இருக்கிறது.

பெயர் மாற்றம் என்ற விஷயத்துக்கு இப்போது திரும்பலாம். 1957இல் கோல்ட் கோஸ்ட் கானா ஆயிற்று. பிரெஞ்சில் 'ஆன்' போய் 'ஓ கானா' வந்தது. 1980இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆயிற்று; 'ஆன் ரொதேசி' போய் 'ஓ சிம்பாப்வே'. 1984இல் மேல் வோல்ட்டா புர்க்கினா ஃபாசோ ஆயிற்று. மறுபடியும் 'ஆன்' போய் 'ஓ'. பர்மா, மியன்மார் விஷயத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன: 'ஆன் பிர்மானி', 'ஓ மியன்மார்'. 1989இல் ராணுவ ஆட்சி அறிவித்த பெயரை ஏற்பதா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. எந்த முன்னிடைச்சொல்லை எழுதுகிறார் என்பதிலேயே எழுதுபவரின் பக்கம் பாதி தெரிந்துவிடும். 1991க்குப் பிறகு சோவியத் நிலங்களிலும் இதே கதை: 'லா பியேலோருசி' பெண்பால், 'ல பெலாருஸ்' ஆண்பால்.

இவற்றில் ஒரு போக்கு தெரிகிறது. பிரெஞ்சு தன் வாய்க்குத் தக்கபடி இழைத்து 'ஈ' ஒலியில் முடித்த பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், 'ஆன்' எடுக்கும். அந்த நாட்டவர் சொல்லும் பெயரை அப்படியே வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் ஆண்பால், 'ஓ' எடுக்கும். புது வரவுக்கு ஆண்பால் கொடுத்துவிடுவது பிரெஞ்சின் பொது வழக்கம். கிரிக்கெட், இட்லி எல்லாமே ஆண்பால்தான். ஆகவே குடியேற்றக் காலப் பெயரை ஒரு நாடு உதறும்போது, அதன் புதுப் பெயர் பெரும்பாலும் 'ஓ'வோடு வந்து இறங்குகிறது. இந்திய மாநிலங்களைப் பாருங்கள்: 'ஓ தமிழ்நாடு', 'ஓ கேரளா', 'ஓ கர்நாடகா', 'ஓ ராஜஸ்தான்'. 1969 வரை 'மத்ராஸ் மாநிலத்தில்' என்று சுற்றிவளைத்து எழுத வேண்டியிருந்த இடத்தில் இன்று ஒற்றை எழுத்தில் வேலை முடிகிறது. இது முழுமையான விதி இல்லை. அல்ஜீரியா விடுதலைக்குப் பிறகும் 'ஆன்' தான். டஹோமி பெனின் ஆனபோது 'ஓ' போய் 'ஓ'வே வந்தது.

பழைய இந்தோசீனாவில் ஒரு பிரெஞ்சு அதிகாரி மாற்றலாகிப் போனால் ஐந்து நிலங்களுக்கு இரண்டு முன்னிடைச்சொற்களை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது: 'ஆன் கொஷேன்ஷீன்', 'ஆன் அனாம்', 'ஓ தொங்கேன்', 'ஓ காம்போட்ழ்', 'ஓ லாவோஸ்'. முதலாவது பெண்பால், இரண்டாவது உயிரொலியில் தொடங்கும் ஆண்பால், மற்ற மூன்றும் மெய்யொலி ஆண்பால். சைகோனில் அரசு வேலை பார்த்த புதுச்சேரித் தமிழர்களும் இதை மனப்பாடம் செய்தவர்களே. அவற்றில் மூன்று இணைந்து ஒரு நாடானபோது மிஞ்சியது 'ஓ வியெத்நாம்'.

இலங்கையும் இந்தப் போக்கில் சேர்ந்தது. ஆர்ட்டிகிள் இல்லாமல் தீவாக நின்ற 'செலான்', ஆர்ட்டிகிளோடு நாடாக நிற்கும் 'ல ஸ்ரீலங்கா' ஆயிற்று. கொழும்பிலிருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்தின் பெயரில் இரண்டு 'ஓ' உண்டு: ஒருமையில் இலங்கை, பன்மையில் மாலத்தீவு. தேயிலை மட்டும் மாறவில்லை. பாரிஸ் கடைகளில் இன்றும் அது 'தே த செலான்' தான். நாட்டின் பெயர் மாறினாலும் சரக்கின் பெயரில் கை வைக்க வியாபாரிக்கு மனம் வருவதில்லை.

இந்த 'த' பற்றியும் ஒரு சொல். 'இருந்து', 'உடைய' என்ற இரண்டு வேலையையும் பார்ப்பது இது. பெண்பால் நாட்டோடு ஆர்ட்டிகிள் இல்லாமல் வரும். ஆண்பாலோடு 'த்யு' ஆகும். நெருங்கிப் பழகிய அமைப்புகளின் பெயரில் ஆர்ட்டிகிள் நிற்பதில்லை: பாங்க் த பிரான்ஸ், கொலேழ் த பிரான்ஸ், 1903இல் தொடங்கிய சைக்கிள் பந்தயமான தூர் த பிரான்ஸ். பாரிஸில் ஸ்பெயினின் தூதரகம் ஆர்ட்டிகிள் இல்லாமல் 'அம்பசாத் தெஸ்பாஞ்'. இந்தியாவினுடையதோ பெரும்பாலும் ஆர்ட்டிகிளோடு 'அம்பசாத் த லேந்த்'. இங்கும் பழக்கம்தான் பேசுகிறது. அரசியல் பேசிய இடமும் உண்டு. 1791 அரசியலமைப்பு பதினாறாம் லூயியை 'பிரான்ஸின் அரசர்' என்ற பட்டத்திலிருந்து இறக்கி 'பிரெஞ்சுக்காரர்களின் அரசர்' ஆக்கியது. நாட்டை உடையவர் மக்களுக்கு அரசரானார். 1830இல் லூயி பிலிப்பும் அதே பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

ஆர்ட்டிகிளோடு பிறந்த நகரங்கள் கணினிக்குத் தலைவலி. ல ஆவ்ர் துறைமுகத்தில் என்று சொல்ல 'அ ல ஆவ்ர்' என்றால் பிழை. 'ஓ ஆவ்ர்' என்று ஒட்டியாக வேண்டும். அங்கிருந்து வருபவர் 'த்யு ஆவ்ர்' வருகிறார். ல மான் நகரத்துக் கார்ப் பந்தயமும் 'த்யு மான்' தான். ஆனால் அரசுப் படிவங்களில் 'பிறந்த தேதி, அ' என்று அச்சடித்துப் புள்ளிக்கோடு விட்டிருப்பார்கள். கணினி அங்கே ஊர்ப்பெயரைக் கொண்டுவந்து வைத்தால் 'அ ல ஆவ்ர்' என்று விழும். பள்ளிக்கூடத்தில் எழுதினால் சிவப்பு மை நிச்சயம். வெளிநாட்டில் பிறந்தவருக்கு ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவரின் சான்றிதழில் 'ஓ ஸ்ரீலங்கா'வா வேறா என்ற கேள்வியே எழாது.

தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது. பிரான்ஸின் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 0 முதல் 8 வரை ஓர் இலக்கம் இருக்கும். 0 என்றால் ஆர்ட்டிகிள் இல்லை, மெய்யொலியில் தொடங்கும் பெயர். முன்னால் 'த' போடு. 1 என்றால் உயிரொலி; 'த'வைச் சுருக்கு. 2 என்றால் 'ல' உண்டு, 'த்யு' ஆக்கு. 3 'லா', 4 'லே', 5 வெறும் 'ல்'. 7, 8 இரண்டும் தெற்கு வட்டாரங்களின் 'லாஸ்', 'லோஸ்' என்ற ஆர்ட்டிகிள்களுக்கு. நூற்றாண்டுக்கணக்கான ஒலித்திரிபுகள் ஒற்றை இலக்கமாகிப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. தொல்காப்பியர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவினியோன் கதையைப் பலரும் கேட்டிருக்கலாம். நகரத்துக்கு 'அ' என்பது விதி. ஆனால் தெற்கத்தியர் பலரும், 1947 முதல் நடக்கும் நாடக விழாவுக்குப் போகிறவர்களும் 'ஆன் அவினியோன்' என்பார்கள். 1791 வரை அது பாப்பரசரின் தனி ஆட்சி நிலம், அதனால் நாட்டுக்குரிய 'ஆன்' என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். கவர்ச்சியான விளக்கம். ஆனால் ஆர்ல் நகரத்துக்கும் 'ஆன்' போடுகிறார்கள். மோலியேர் 1671இல் எழுதிய ஸ்கப்பேன் நாடகத்தில் அல்ஜியர்ஸுக்கும் 'ஆன்' வருகிறது. அங்கே பாப்பரசர் யாரும் ஆளவில்லை. மூன்றும் 'அ' ஒலியில் தொடங்குபவை என்பதைக் கவனித்தால் வேறு விடை கிடைக்கும். 'அ அவினியோன்' என்று இரண்டு 'அ' மோதுவதை புரோவான்சு மொழி பொறுக்காது. உயிருக்கு முன் 'ஆன்' போட்டு இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நாம் உடம்படுமெய் போடுவது இதற்காகத்தான். அல்ஜியர்ஸ் ஓர் ஆட்சிப் பகுதியின் பெயராகவும் வழங்கியது என்பதால் நாட்டுக் கணக்கையும் அடியோடு தள்ள முடியாது. இருந்தாலும் என் ஓட்டு ஒலிக்கே. பிரெஞ்சு அகாதெமி 'அ அவினியோன்' என்பதையே பரிந்துரைக்கிறது. விழாவுக்குப் போகிறவர்கள் கேட்பதாக இல்லை.

அகாதெமி முகம் சுளிக்கும் இன்னொன்று 'ஸ்யுர் பாரி'. 'பாரிஸின் மேல்' என்று சொல்லுக்குச் சொல் பொருள். வீட்டுத் தரகர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் பரப்பிய வழக்கு. 'நான் இப்போது ஸ்யுர் பாரி வேலை செய்கிறேன்' என்றால் பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் என்று அர்த்தம். புள்ளியாக இருந்த நகரம் பரந்து விரிந்த வேலைக்களமாகிவிட்டதை 'அ' சொல்லவில்லை என்பதால்தான் மக்கள் வேறு சொல்லைத் தேடியிருக்கிறார்கள். தூய்மைவாதிகள் இதில் தோற்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாவட்டங்களுக்கும் இப்படிச் சொல் தேட வேண்டியிருந்தது. 1790இல் புரட்சி அரசு பழைய மாகாணங்களை அழித்து, ஆறுகளின், மலைகளின் பெயரில் 83 மாவட்டங்களை உண்டாக்கியது. ஒரே இரவில் வந்த பெயர்களில் பலவற்றுக்குப் பழைய மாகாணங்களின் 'ஆன்' கிடைக்கவில்லை. 'தான்' தான் கிடைத்தது. வார் மாவட்டத்தில் என்றால் 'தான் ல வார்'. லோத் மாவட்டத்தில் வீடு வாங்கியிருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும் வாக்கியம் லோத் ஆற்றுக்குள் வாங்கியிருக்கிறேன் என்றும் படும். கேட்பவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார்கள்.

2016இல் ஐரோப்பியப் பிரான்ஸின் 22 நிர்வாகப் பகுதிகளை 13 ஆகக் குறைத்தபோது மறுபடி புதுப் பெயர்கள் வந்தன. நூவெல் அக்கித்தேனும் ஒக்சித்தானியும் பெண்பால் ஒருமை. 'ஆன்' தடையின்றி ஒட்டியது. வடக்கே லீல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதிக்கு 'ஓ த பிரான்ஸ்' என்று பெயர்; 'பிரான்ஸின் மேட்டுநிலங்கள்' என்று பொருள். இது ஆண்பால், பன்மை. மெய்யொலியில் தொடங்குவதாகவே கணக்கு. எந்த விதியின்படியும் 'ஆன்' வரக் கூடாத பெயர். இலக்கணம் பார்ப்பவர்கள் 'தான் லே ஓ த பிரான்ஸ்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பகுதியின் அமைப்புகளும் விளம்பரங்களும் 'ஆன் ஓ த பிரான்ஸ்' என்று எழுதுகின்றன. கிழக்கே கிரான் எஸ்த் பகுதியிலும் இதே இழுபறி: 'தான் ல கிரான் எஸ்த்', 'ஆன் கிரான் எஸ்த்'. பிரெத்தாஞ், நோர்மாந்தி என்று ஆயிரம் ஆண்டுப் பெயர்கள் அனுபவிக்கும் 'ஆன்' தங்களுக்கும் வேண்டும் என்று புதிய பகுதிகள் கேட்கின்றன. பாலும் எண்ணும் பொருந்துகிறதா என்பதை அவை பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.